பாறையில் சுரங்கப்பாதை: கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுரங்கப்பாதை வேலையில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், சிவில் படிக்கும் மாணவர்கள், சுரங்கம் தோண்டும் இடத்துக்கு மேலே வீடு வைத்திருப்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வெடிமருந்தைக் கையாள்வது உரிமம் பெற்றவர்களின் வேலை. இங்கே சொல்லப்படுவது அந்த வேலை ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான்.

வெடி வைப்பதே பாறையை உடைக்கத்தான். அதில் ‘கட்டுப்படுத்தப்பட்ட’ என்று தனியாக எதைச் சொல்கிறார்கள்?

சுரங்கத்தின் குறுக்குவெட்டை வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டிருப்பார்கள். கோட்டுக்கு உள்ளே இருக்கும் பாறை நொறுங்கி வெளியே வர வேண்டும். கோட்டுக்கு வெளியே இருப்பது வெடி வைத்த சுவடே இல்லாமல் நிற்க வேண்டும். இரண்டும் சில நொடிகளுக்குள், ஓரிரு அடி இடைவெளியில் நடக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். உள்ளே இருப்பதை உடைப்பது பெரிய வித்தை இல்லை. மருந்தைக் கூட்டினால் உடையும். வெளியே இருப்பதை உடையாமல் காப்பாற்றச் செய்யும் ஏற்பாடுகளுக்குத்தான் கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு என்று பெயர். அதிர்வையும் சத்தத்தையும் எல்லைக்குள் வைப்பதும் இதே தலைப்பில் அடங்கும்.

கோட்டுக்கு வெளியே இருபது சென்டிமீட்டர் கூடுதலாக உடைந்துவிட்டது. இதில் என்ன குடி முழுகிப் போகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரையும் இரு பக்கச் சுவர்களும் சேர்ந்து 20 மீட்டர் சுற்றளவு உள்ள ஒரு சாலைச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். சராசரியாக 20 செ.மீ. கூடுதலாக உடைந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 4 கன மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 4,000 கன மீட்டர். பாறையின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.7 டன் என்றால் ஏறத்தாழ 10,800 டன் கல்லைக் கூடுதலாக அள்ளி, லாரியில் ஏற்றி, எங்கோ கொட்ட வேண்டும். பிறகு அதே அளவு பள்ளத்தை ஷாட்கிரீட்டாலோ (சுவரில் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) சாதாரணக் கான்கிரீட்டாலோ நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் குறித்த கோட்டுக்கு அப்பால் போனதற்குப் பணம் கிடைக்காது.

இது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். தெரியாத நஷ்டம் சுவருக்குள் இருக்கிறது. கீழே விழாமல் நிற்கும் பாறையிலும் விரிசல் ஓடியிருக்கும். அதன் வலிமை குறைந்திருக்கும். வடிவமைப்பில் இதற்குக் கணக்கே உண்டு. பாறையின் வலிமையைக் கணக்கிடும் ஹோக்-பிரவுன் முறையின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘டி’ என்றொரு சேதக் காரணி இருக்கிறது. மிக நன்றாகச் செய்த கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்புக்கும், இயந்திரத்தால் குடைந்த சுரங்கத்துக்கும் அதன் மதிப்பு பூஜ்யம். கடினப் பாறையில் மோசமாக வெடி வைத்து, இரண்டு மூன்று மீட்டர் ஆழம்வரை சேதம் போயிருந்தால் 0.8. அந்த எண் ஏற ஏற, கணக்கில் பாறையின் வலிமை இறங்கும். ராக் போல்ட்டும் (பாறையைப் பிடித்து நிறுத்தத் துளையில் செருகும் கம்பி) ஷாட்கிரீட்டும் ஏறும்.

வெடி உண்மையில் பாறையை எப்படி உடைக்கிறது?

இரண்டு கட்டங்கள். மருந்து வெடித்ததும் துளையின் சுவரில் பெரும் அழுத்தம் விழுகிறது. ஓர் அதிர்ச்சி அலை வெளிநோக்கி ஓடுகிறது. துளையை ஒட்டிய பாறை மாவாக நசுங்குகிறது. அதைத் தாண்டி, நாலாபுறமும் ஆரம்போல விரிசல்கள் பிறக்கின்றன. அடுத்த கட்டத்தில், சூடான வாயு அந்த விரிசல்களுக்குள் புகுந்து அவற்றை விரித்துப் பாறையைத் தள்ளுகிறது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். பாறை அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. 150 மெகா பாஸ்கல் அழுத்தம் தாங்கும் கிரானைட் இழுவிசையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கே பிளந்துவிடும். எனவே நல்ல கோடு வேண்டுமானால், துளைச் சுவரை நசுக்காத அளவுக்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் பக்கத்துத் துளையை நோக்கி ஒரு விரிசல் ஓடும் அளவுக்கு இழுவிசை இருக்க வேண்டும். இந்த இடைப்பட்ட நிலைதான் இலக்கு.

ஒரு முகப்பில் (தோண்டிக்கொண்டிருக்கும் முனையில் எதிரே நிற்கும் பாறை) துளைகள் எப்படி அமைக்கப்படுகின்றன? எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்குமா?

வெடிக்காது, வெடிக்கவும் கூடாது. திறந்தவெளிக் குவாரியில் பாறைக்கு முன்னாலும் மேலேயும் இடம் இருக்கிறது. உடைந்தது அங்கே போய் விழும். சுரங்க முகப்பில் திறந்திருப்பது எதிரே உள்ள ஒரே பரப்பு. உடைந்த கல் கன அளவில் பெருகும். அது போக இடம் இல்லாவிட்டால் வெடியின் வேகம் முழுக்க சுற்றுச்சுவருக்குள் இறங்கும். குவாரியில் ஒரு கன மீட்டருக்கு 0.3 முதல் 0.6 கிலோ மருந்து போதும் என்றால் சுரங்கத்தில் 1 முதல் 2 கிலோ, குறுகிய சுரங்கத்தில் அதற்கும் மேல் போவது இதனால்தான்.

ஆகவே முதலில் நடுவில் ஒரு பள்ளம் பறிக்க வேண்டும். இதைக் ‘கட்’ என்பார்கள். இன்று பெரும்பாலும் பர்ன் கட்: 76 முதல் 127 மி.மீ. விட்டத்தில் ஒன்றோ சிலவோ பெரிய துளைகள் போட்டு, அவற்றில் மருந்து அடைக்காமல் காலியாக விடுவார்கள். சுற்றியுள்ள சிறு துளைகள் வெடிக்கும்போது அந்த வெற்றிடம்தான் உடைந்த கல்லுக்கு முதல் வழி. 4 மீட்டர் ஆழத்தில் உடைந்த துண்டுகள் வெளியே பறக்க ஏறத்தாழ 0.1 நொடி ஆகும். அதற்குள் அடுத்த துளை வெடித்தால் கல் அங்கேயே இறுகிக்கொள்ளும். அதனால் ‘கட்’ துளைகளுக்கிடையே போதிய தாமதம் விடுவார்கள்.

பிறகு பள்ளத்தைச் சுற்றியுள்ள துளைகள் வரிசை வரிசையாக வெளிநோக்கி வெடிக்கும். விளிம்புத் துளைகளின் முறை கடைசியில்தான் வரும். தரையை ஒட்டிய லிஃப்டர் துளைகளையும் கடைசியில் விடுவதுண்டு. குவிந்த கல்லைச் சற்றுத் தூக்கித் தளர்த்திவிட்டால் அள்ளுவது எளிது. 70-80 சதுர மீட்டர் முகப்பில் நூறு துளைக்கு மேல் இருக்கும். அத்தனையும் முடிய சில நொடிகள் ஆகும். வெளியே நிற்பவருக்கு அது ஒரு சத்தமாகக் கேட்காது, உருண்டு போகும் இடியாகக் கேட்கும்.

ஸ்மூத் பிளாஸ்டிங் என்பதில் என்ன செய்கிறார்கள்?

1950களில் சுவீடனில் வளர்ந்த முறை. இன்று உலகம் முழுக்க சுரங்கங்களில் இதுதான் வழக்கம். செய்வது மூன்று காரியம்.

விளிம்புத் துளைகளை நெருக்கமாகப் போடுவார்கள்: துளை விட்டத்தைப்போல 15-16 மடங்கு இடைவெளி. 45 மி.மீ. துளைக்கு ஏறத்தாழ 70 செ.மீ. அந்தத் துளைக்கும் உள்ளே உள்ள அடுத்த வரிசைக்கும் இடையிலான தூரம் (களத்தில் ‘பர்டன்’) இடைவெளியைவிடச் சற்று அதிகமாக, 85-90 செ.மீ. இருக்கும். அப்போதுதான் விரிசல் உள்நோக்கிப் போவதற்கு முன் பக்கத்துத் துளையைச் சேரும்.

அடுத்தது, மெலிந்த மருந்து. 48 மி.மீ. துளைக்குள் 17 மி.மீ. விட்டமுள்ள குழாய்த் தோட்டாவை வைத்தால், துளையின் குறுக்குவெட்டில் எட்டில் ஒரு பங்கைத்தான் மருந்து பிடிக்கும், மீதி காற்று. அந்தக் காற்று இடைவெளி மெத்தையாக நின்று, சுவரில் விழும் முதல் அழுத்தத்தைத் தணித்துவிடுகிறது. முழுக்க அடைத்த துளையில் மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் போகும் இடத்தில், விளிம்புத் துளையில் 200 கிராம் அளவில் நின்றுவிடும். இப்போது குழாய்த் தோட்டாவுக்குப் பதில் எமல்ஷனை (கூழ் போன்ற வெடிமருந்து) பம்பு செய்து, ஹோஸைக் குறிப்பிட்ட வேகத்தில் பின்னால் இழுத்துத் துளையின் அடியில் ஒரு மெல்லிய கயிறுபோலப் படரவிடும் வழக்கமும் பரவிவிட்டது.

மூன்றாவது, விளிம்புத் துளைகள் எல்லாம் கூடுமானவரை ஒரே கணத்தில் வெடிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் இழுவிசை ஒன்றோடொன்று கூடினால்தான் இரண்டையும் இணைக்கும் கோட்டில் விரிசல் ஓடும்.

பிரீஸ்பிளிட்டிங்கில் இன்னும் நல்ல சுவர் கிடைக்கும் என்கிறார்களே, சுரங்கத்தில் ஏன் செய்வதில்லை?

பிரீஸ்பிளிட்டிங்கில் விளிம்பு வரிசையை முதலிலேயே வெடித்து, பாறைக்குள் ஒரு பிளவை உண்டாக்கிவிடுவார்கள். பின்னால் வரும் பெரிய வெடிகளின் விரிசலும் வாயுவும் அந்தப் பிளவோடு நின்றுவிடும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் நயாகரா நீர்மின் திட்டத்தில் பெரிய அளவில் கையாளப்பட்டுப் பெயர்பெற்ற முறை. சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் செங்குத்தாக, கோடு கோடாகத் துளைத் தடம் தெரியும் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இப்படி வந்தவை.

சுரங்கத்தில் நிலைமை வேறு. பிளவு திறக்க வேண்டுமானால் பாறை மயிரிழையாவது விலக வேண்டும். ஆழத்தில் மேலே உள்ள மலையின் எடையும் பக்கவாட்டு அழுத்தமும் பாறையை இறுக்கிப் பிடித்திருக்கும்போது அது விலகுவதில்லை. ‘கட்’ கூட வெடிக்காத நிலையில் எதிரே இடமும் இல்லை. பிளவைத் திறக்கவே கூடுதல் துளை, கூடுதல் மருந்து என்று போய், கடைசியில் அதிர்வுதான் மிஞ்சும். சுரங்கத்தின் வாயிலை வெட்டும்போது மட்டும் இது கைகொடுக்கும்.

லைன் டிரில்லிங் என்பது?

விளிம்பில் மிக நெருக்கமாக, மருந்தே இல்லாத துளைகளைத் தபால்தலை ஓரத்து ஓட்டைகளைப்போல வரிசையாகப் போடுவது. சுவர் நன்றாக வரும், துளையிடும் செலவு கண்ணைக் கட்டும். பக்கத்தில் ஏதாவது முக்கியமான கட்டுமானம் இருந்தால் மட்டும், அதுவும் சில மீட்டர் நீளத்துக்கு மட்டும் செய்வார்கள்.

வெளி வரிசையில் மருந்தைக் குறைத்தாகிவிட்டது. அப்படியும் சுவர் கண்டபடி உடைகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இது. முதலில் எல்லோரும் குறை சொல்வது மருந்தை அல்லது பாறையை. என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது துளையை. ஸ்மூத் பிளாஸ்டிங் என்பது பெயரில்தான் வெடி வேலை. முக்கால்வாசி அது துளையிடும் வேலை.

முகப்புக்குப் போய் ஜம்போவின் (துளையிடும் பெரிய இயந்திரம்) கை விளிம்புத் துளை போடுவதை அருகிலிருந்து பாருங்கள். துளையிடும் தண்டைத் தாங்கும் பட்டைக்கே பருமன் இருக்கிறது. ஏற்கனவே தோண்டிய கூரையில் அது இடிக்கும். ஆகவே கோட்டின்மேல் நேராக, சுரங்கத்தின் அச்சுக்கு இணையாகத் துளை போடவே முடியாது. சற்று வெளிநோக்கிச் சாய்த்துத்தான் போட வேண்டும். இந்தச் சாய்வுக்கு ‘லுக்-அவுட்’ என்று பெயர். 4 மீட்டர் துளையில் 3 டிகிரி சாய்வு என்றால் துளையின் முனை 21 செ.மீ. வெளியே இருக்கும். வெடித்து முடிந்த சுரங்கம் ரம்பப் பல்போல ஒவ்வொரு சுற்றிலும் (ஒருமுறை துளையிட்டு வெடித்து முன்னேறும் நீளம்) சற்று விரிந்து, மறுபடி குறுகித் தெரிவது இதனால்தான். இவ்வளவும் தவிர்க்க முடியாதது, திட்டத்திலேயே இருப்பது.

தவிர்க்கக் கூடியது அதற்கு மேல் சேர்வது. சாய்வில் ஒரு டிகிரி பிசகினால் 4 மீட்டரில் 7 செ.மீ. துளையைத் தொடங்கும் இடத்தில் முகப்பு கரடுமுரடாக இருந்தால் பிட் (தண்டின் துளைக்கும் முனை) வழுக்கிப் பத்து சென்டிமீட்டர் தள்ளி இறங்கும். உள்ளே மண் நிரம்பிய பிளவு ஒன்று குறுக்கே வந்தால் தண்டு அதன் போக்கில் வளையும். மூன்றும் ஒரே திசையில் சேர்ந்தால், காகிதத்தில் 70 செ.மீ. இடைவெளி உள்ள இரண்டு துளைகள் முனையில் ஒரு மீட்டர் விலகியிருக்கும், அல்லது 40 செ.மீ. தூரத்துக்கு நெருங்கியிருக்கும். விலகிய இடத்தில் விரிசல் சேராமல் கல் துருத்தி நிற்கும். நெருங்கிய இடத்தில் சுவர் பெயர்ந்துவிடும். மருந்தின் அளவை எப்படி மாற்றினாலும் இதற்குப் பரிகாரம் கிடையாது.

துளைகள் சரி என்றால் அடுத்து பார்க்க வேண்டியது விளிம்புக்கு உள்ளே உள்ள வரிசை. பலர் கோட்டை விடும் இடம் இதுதான். விளிம்பில் 200 கிராம் போட்டுவிட்டு, அதற்கு முந்தைய வரிசையில் துளை முழுக்க அடைத்தால், அந்த வரிசையின் விரிசல்களே விளிம்பைத் தாண்டிப் போய்விடும். பிறகு விளிம்புத் துளை வெடிக்கும்போது காப்பாற்ற எதுவும் மிச்சம் இருக்காது. உள்வரிசையின் சேத எல்லை விளிம்புத் துளையின் சேத எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் அங்கேயும் மருந்தைக் குறைத்து, துளைகளைச் சற்று நெருக்க வேண்டியிருக்கும்.

கணினியில் இயங்கும் ஜம்போக்கள் வந்தபின் துளையின் இடமும் திசையும் பதிவாகின்றன. அந்தப் பதிவையும், வெடித்தபின் எடுக்கும் லேசர் ஸ்கேனையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வழக்கமாக ஒரே மூலையில், ஒரே ஆபரேட்டரின் கைப்பக்கத்தில்தான் கோளாறு திரும்பத் திரும்ப வரும். மருந்தை மாற்றுவதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து பேசுவது மலிவு.

சுவர் நன்றாக வந்திருக்கிறதா என்பதை எப்படி அளப்பது?

கல்லை அள்ளி, தொங்கும் துண்டுகளைத் தட்டி எடுத்தபின் டார்ச்சைச் சுவருக்கு இணையாகப் பிடித்துப் பார்த்தால் தெரியும்: துளையின் பாதி சுவரிலேயே, நீளவாக்கில் பிளந்த குழாய்போல நிற்கும். அந்தத் தடங்களின் மொத்த நீளத்தை, போட்ட விளிம்புத் துளைகளின் மொத்த நீளத்தால் வகுத்தால் வருவது அரைத்துளை விகிதம். நல்ல கிரானைட்டில் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம். பிளவுகள் நிறைந்த பாறையில் மிக நன்றாகச் செய்தாலும் 30-40க்கு மேல் வராமல் போகலாம். ஆகவே இந்த எண்ணை மட்டும் பார்த்து இரண்டு சுரங்கங்களை ஒப்பிடுவது நியாயமில்லை. ஒரே பாறையில் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம்.

படம் எடுத்துவிடுங்கள். ஷாட்கிரீட் அடித்துவிட்டால் சாட்சியமே போய்விடும்.

பாறை ஏற்கனவே பிளவுபட்டிருந்தால் இதெல்லாம் வீண்தானா?

வீண் இல்லை, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிளவு எந்தக் கோணத்தில் விளிம்புக் கோட்டைச் சந்திக்கிறது என்பதுதான் முக்கியம். செங்குத்தாக வெட்டினால் பெரிய தொல்லை இல்லை. 30 டிகிரிக்கும் குறைந்த கோணத்தில் உரசிக்கொண்டு போனால், வெடியின் வாயு அந்தப் பிளவில் புகுந்து ஆப்புபோலக் கல்லைப் பெயர்த்துவிடும். அங்கே சுவரை வரைவது துளை இல்லை, பிளவு. இப்படிப்பட்ட இடத்தில் இடைவெளியைக் குறைப்பார்கள், மருந்தை இன்னும் மெலிதாக்குவார்கள், ஒரு சுற்றின் நீளத்தை 4 மீட்டரிலிருந்து 2 அல்லது 1 மீட்டராகக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் முகப்பை மேல்பாதி கீழ்பாதி என்று பிரித்து எடுப்பார்கள். மிகவும் நொறுங்கிய பாறையில் விளிம்பில் மருந்தே வைக்காமல், கடைசி அரை அடியைப் பிரேக்கரால் கொத்தி எடுப்பதும் உண்டு.

எலக்ட்ரானிக் டெட்டனேட்டர் உண்மையிலேயே விலைக்குத் தகுந்ததா?

டெட்டனேட்டர் என்பது துளையில் உள்ள மருந்தைத் தூண்டி வெடிக்க வைக்கும் சிறு சாதனம். பழைய வகையில் தாமதத்தைக் கொடுப்பது ஓர் எரியும் கலவை. எரியும் வேகம் துண்டுக்குத் துண்டு கொஞ்சம் மாறும். 6 நொடி என்று எழுதியிருப்பது ஒரு சதவீதம் பிசகினாலே 60 மில்லி நொடி முன்னே பின்னே போகும். விளிம்புத் துளைகள் கடைசியில் வெடிப்பவை. அதாவது நீண்ட தாமத எண் கொண்டவை. அதாவது அதிகம் பிசகக் கூடியவை. ஒரே கணத்தில் வெடிக்க வேண்டிய வரிசைதான் அதிகம் சிதறுகிறது. எலக்ட்ரானிக் வகையில் ஒரு சில்லு நேரத்தை எண்ணுகிறது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு மில்லி நொடி நுணுக்கத்தில் நேரம் குறிக்கலாம். விரிசல் பக்கத்துத் துளையை நோக்கி ஓடும் வாய்ப்பு கூடுகிறது.

என் கருத்தைக் கேட்டால்: வீடுகளுக்குக் கீழே போகும் சுரங்கத்தில் யோசிக்காமல் வாங்கலாம். ஆள் நடமாட்டமில்லாத மலைக்குள், துளைகளே கோணலாகப் போடப்படும் இடத்தில், அது காசுக்குப் பிடித்த கேடு. முதலில் துளையைச் சரிசெய்யுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழே சுரங்கம் வருகிறது. வெடி வைத்தால் சுவர் விரிசல் விடுமா?

பயப்படுவது இயல்பு. அளவுகளைத் தெரிந்துகொண்டால் பேச வசதியாக இருக்கும். அதிர்வை அளப்பது தரை நகரும் உச்ச வேகத்தில், நொடிக்கு எத்தனை மி.மீ. என்று. மனித உடல் 1 மி.மீ. அளவையே உணர்ந்துவிடும். கட்டடத்துக்குத் தீங்கு வரும் எல்லை அதைவிடப் பல மடங்கு மேலே. ஜெர்மனியின் டின் 4150 தரநிலை குடியிருப்புகளுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் 5 மி.மீ., பழைமையான, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களுக்கு 3 மி.மீ. என்று வைத்திருக்கிறது. அமெரிக்கச் சுரங்கத் துறை 1980இல் வெளியிட்ட ஆய்வின்படி, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே நவீன வீடுகளுக்கு 19 மி.மீ., பழைய பூச்சுச் சுவர் வீடுகளுக்கு 12.7 மி.மீ.; அதற்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் ஏறத்தாழ 50 மி.மீ. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் எல்லை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க: கடினப் பாறையில் புது விரிசல் பிறக்க நொடிக்கு 700 முதல் 1000 மி.மீ. வேண்டும்.

குறைந்த அதிர்வெண்ணுக்கு ஏன் கடுமையான எல்லை? வீடுகளின் இயல்பான அதிர்வு அந்தப் பக்கத்தில் இருப்பதால், அந்த அலையோடு சேர்ந்து அதிகம் ஆடும்.

அதிர்வைத் தீர்மானிப்பது மொத்த மருந்து இல்லை; ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்து. தூரத்தை அந்த மருந்தின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்துத்தான் முன்கூட்டிக் கணிப்பார்கள். ஒரு கணத்துக்கான மருந்தை நான்கில் ஒன்றாக்கினால் அந்த எண் இரட்டிக்கும். வழக்கமான பாறையில் அதிர்வு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஊருக்குக் கீழே வரும்போது சுற்றின் நீளத்தைக் குறைப்பதும் துளைகளைத் தனித்தனியாக வெடிப்பதும் இதற்காகவே. இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது: சுவர் நன்றாக வர விளிம்புத் துளைகள் ஒன்றாக வெடிக்க வேண்டும், அதிர்வு குறைய அவை பிரிந்து வெடிக்க வேண்டும். நடைமுறையில் நான்கைந்து துளைகளாகக் குழு பிரித்து இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண்பார்கள். அதிகம் அதிரவைப்பது பெரும்பாலும் விளிம்பு இல்லை, ‘கட்’. வெளியேற இடமே இல்லாமல் முதலில் வெடிப்பது அதுதான்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டைப் படமெடுத்து, இருக்கும் விரிசல்களைப் பதிவு செய்ய ஆள் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள். வெயிலும் ஈரமும் மாறி மாறி வந்தாலே சுவரில் விரிசல் விழும். எது பழையது எது புதியது என்று பின்னால் சொல்ல அந்தப் பதிவு ஒன்றுதான் இருக்கும்.

வெடித்ததும் உள்ளே போகலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்த புகை காற்றோட்டத்தில் வெளியேறி, கருவியில் அளந்து பாதுகாப்பு உறுதியானபின்தான் உள்ளே போகலாம். பொறுப்பாளர் முதலில் போய், வெடிக்காமல் நின்ற மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கூரையிலும் சுவரிலும் தொங்கும் கற்களைத் தட்டி இறக்குவார்கள். கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு சரியாக வந்திருந்தால் இந்த வேலை கண்கூடாகக் குறையும்.

இன்னொன்று. முகப்பில் முந்தைய சுற்றின் துளை அடிகள் அரை அடி ஒரு அடி ஆழத்துக்கு மிஞ்சி நிற்கும். பிட் வழுக்காமல் உட்காருமே என்று அதில் துளையைத் தொடங்கத் தோன்றும். அதில் வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கலாம். எக்காரணத்தைக் கொண்டும் அங்கே பிட்டை வைக்கக் கூடாது.

இந்த வேலை எப்போதிலிருந்து நடக்கிறது?

கரிமருந்தால் பாறை உடைத்ததற்கு ஐரோப்பாவில் பரவலாகச் சொல்லப்படும் பழைய பதிவு 1627ஆம் ஆண்டைச் சேர்ந்தது: இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா சுரங்கம். ஆல்ப்ஸ் மலையின் ஃப்ரெஜுஸ் ரயில் சுரங்கம் (1857-1871) காற்றழுத்தத் துளைப்பானைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1872இல் தொடங்கிய கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்தில் அது முழு வீச்சில் வந்தது. அன்றைக்குக் கவலை எல்லாம் முன்னேறும் வேகத்தைப் பற்றித்தான். சுவரைப் பற்றிய கவலை இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ராக் போல்ட்டும் ஷாட்கிரீட்டும் வந்தபோது வந்தது. பாறையே தன்னைத் தாங்க வேண்டும் என்று முடிவெடுத்தபின், அதை நொறுக்கி வைப்பதில் அர்த்தமில்லையே.

சுரங்கத்தை முழு வட்டமாகக் குடையும் டி.பி.எம். இயந்திரம் இருக்கும்போது இன்னும் ஏன் வெடி?

நீளமான, ஒரே மாதிரி வட்டமான சுரங்கத்துக்கு டி.பி.எம். சரி. குட்டையான சுரங்கம், விரியும் குறுகும் வடிவம், நிலத்தடி மின்நிலையத்தின் பெரிய அறை, குறுக்குப் பாதைகள் இவற்றுக்கெல்லாம் வெடிதான். நார்வேயில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 24.5 கி.மீ. லேர்டால் சாலைச் சுரங்கம் துளையிட்டு வெடித்தே எடுக்கப்பட்டது. 2016இல் திறந்த 57 கி.மீ. கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்திலும், பிரதானக் குழாய்களில் ஐந்தில் ஒரு பங்கு வெடி வைத்து எடுத்ததுதான்.

வெடியே இல்லாமல் பாறையை உடைக்க வேறு வழி?

இருக்கிறது. சுழலும் பற்களால் பாறையைச் சுரண்டும் ரோட்ஹெடர் இயந்திரம் மென்பாறையில் நன்றாக ஓடும். பாறையின் வலிமை 100 மெகா பாஸ்கலை நெருங்கும்போது பற்கள் தேய்ந்து செலவு ஏறிவிடும். துளைக்குள் செருகி விரிக்கும் ஹைட்ராலிக் பிளப்பான் சத்தமில்லாமல் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. தண்ணீர் கலந்தால் ஊதிப் பெருகும் சுண்ணாம்புக் கலவையைத் துளைகளில் ஊற்றிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. பழைய கட்டடத்துக்கு நேர்கீழே வரும் சில மீட்டர்களை இவற்றில் ஒன்றால் கடந்துவிட்டு, அந்தப் பக்கம் போனதும் மறுபடி வெடிக்குத் திரும்புவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது.